அரியலூர்ச் சமுத்திரத்துக்கு ஒரு சட்டம் வேண்டும்

வட சென்னையின் தரையில் கல் கிடையாது. வியாசர்பாடியிலோ, அதனை அடுத்த எங்கள் எம்.கே.பி. நகரிலோ அஸ்திவாரத்துக்கு மண்ணைத் தோண்டுகிறவர்கள் களிமண்ணையும் மணலையும் உவர்நீரையும் காண்பார்களேயன்றிப் பாறையைக் காண்பதில்லை. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையில் நீண்டு கிடக்கும் இந்தக் கரையெல்லாம், பூமியின் வயதோடு ஒப்பிட்டால் நேற்று என்று சொல்லத்தக்க அண்மைக் காலத்தில் ஆறுகளும் கடலும் கொணர்ந்து சேர்த்த வண்டலே ஆகும். ஆகையினால், துறைமுகத்தின் அலைதாங்கும் சுவராகட்டும், கடலரிப்பைத் தடுக்கத் திருவொற்றியூர்க் கரையில் கொட்டப்பட்ட கருங்கற்களாகட்டும், வீட்டுவசதி வாரியத்தின் அடுக்கு வீடுகளாகட்டும், மணலியின் புகைபோக்கிகளாகட்டும், இங்கே நிமிர்ந்து நிற்பவை யாவும் பிற ஊர்களின் கல்லைக் கொண்டு நிர்மாணிக்கப்பட்டவையே. அந்தப் பிற ஊர்களில் ஆந்திரத்து ஊர்களும் உண்டு. நம் அரியலூரும் உண்டு. அரியலூர் மாவட்டத்துச் சிமெண்ட் மூட்டைகளை லாரியிலிருந்து தோளில் இறக்கி வாழ்க்கை நடத்துகிற உழைப்பாளிகள் எங்கள் தெருக்களில் வசிக்கிறார்கள். அவர்களும், அந்தச் சிமெண்டால் எழுந்த வீட்டில் குடியிருக்கிற நாமும், அது எதிலிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டியது அவசியம் என்று நான் கருதுகிறேன்.

சிமெண்ட் என்பது சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்துக் கலந்து, சுழலும் சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் சுட்டு, கிளிங்கர் எனப்படும் கட்டிகளாக்கி, ஜிப்சத்தோடு சேர்த்து மறுபடியும் பொடித்த பொருள். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக் கல் செலவாகிறது. அரியலூர்ப் பக்கத்தில் அந்தக் கல் வெறும் கல் அன்று. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களின் வெட்டுச் சுவரருகே நின்று பார்ப்பவருக்கு, கிரைஃபியா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகளும் இனோசெரமஸ் என்னும் அகன்ற சிப்பிகளும் வரிவரியாக, ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் மண்ணுக்கே இடமில்லாதபடி நெருங்கிப் படிந்து கல்லாகிக் கிடப்பது பிரத்தியட்சமாகத் தெரியும். அவை உயிரோடு வாய் திறந்து மூடிக்கொண்டிருந்த காலம் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. இன்றைய கடற்கரையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கும் அப்பால், முந்திரித் தோப்புகளுக்கும் சோளக் கொல்லைகளுக்கும் கீழே, ஒரு சமுத்திரத்தின் அடித்தரை அப்படியே பத்திரமாக இருக்கிறது. நாம் அதனை வெட்டி, அரைத்து, சுட்டு, மூட்டையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தியாவும் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் ஒரே பெருநிலமாக இணைந்திருந்து, பின்பு பிரியத் தலைப்பட்டபோது, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நம்முடைய கிழக்கோரம் பிளந்து சரிந்து ஒரு பெரும் பள்ளமாயிற்று. காவிரிப் படுகை என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் அழைக்கும் அந்தப் பள்ளத்துக்குள் ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் புகுந்து, ஏறியும் இறங்கியும், ஆழ்ந்தும் ஆழங்குன்றியும், நான்கரைக் கோடி ஆண்டுக் காலம் அங்கே தங்கியிருந்தது. அக்காலத்தில் படிந்த பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பெருந்தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பாடாலூருக்கு அருகிலுள்ள ஊட்டத்தூர் என்ற சிற்றூரின் பெயரை அங்குள்ள சிவன் கோயிலைக் கொண்டு நம்மவர் அறிவார்கள். உலகத்துப் பூகர்ப்ப நூல்களோ அதனை அங்குள்ள பவளப் பாறையைக் கொண்டும் அம்மோனைட்டுகளைக் கொண்டும் அறிந்திருக்கின்றன. அம்மோனைட் என்பது கணவாயின் குலத்தைச் சேர்ந்த, சுருண்ட ஓடுடைய கடற்பிராணி. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்தைப் பூஜையறையில் வைத்து வழிபடுகிற குடும்பங்கள் நம்மிடையே அநேகம். அந்தச் சாளக்கிராமத்துக்குள் சக்கரமாகச் சுருண்டிருப்பதும் இந்த வம்சத்தைச் சேர்ந்த பிராணியே. கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லை வெள்ளைக்காரர்கள் மெருகேற்றி, திருச்சி மார்பிள் என்று பெயரிட்டு மேசைப் பலகைகளாகச் செய்துகொண்டார்கள். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவே, மழைநீர் அரித்து அரித்துப் புல்லும் முளைக்காத வறண்ட மேடும் பள்ளமுமாகி நிற்கும் களிப்பாறை நிலத்தில், துப்பாக்கி ரவையைப் போன்ற வடிவமுள்ள பெலம்னைட் என்னும் கடற்பிராணிகளின் எச்சங்கள் இன்றும் காலில் இடறுகின்றன.

இந்தச் சமுத்திரத்தை முதலில் உலகத்துக்கு அறிவித்தவர்கள் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த கே, கன்லிஃப் என்ற இருவர். 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி ஆகிய பக்கங்களில் அவர்கள் திரட்டி லண்டனுக்கு அனுப்பிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து 1846-இல் விவரித்தார். அதன் பிறகு இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் ஊர் ஊராக நடந்து பாறைகளைப் படமாக வரைந்து, 1862-இல் வெளியிட்ட அறிக்கையில், இன்றும் அடிப்படை மாறாமல் வழங்குகிற அந்த மூன்று பிரிவுகளை நிறுவினார். அவருடைய சேகரிப்பை ஆதாரமாகக் கொண்டு, மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்னும் இளைஞர், 1863-க்கும் 1873-க்கும் இடையில், இந்தச் சமுத்திரம் நிலவிய கிரெட்டேஷியஸ் காலத்துத் தென்னிந்திய உயிரினங்களைப் பற்றி வரிசையான பெரும் தொகுதிகளாக எழுதி முடித்தார். அடுத்த ஆண்டே, யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவோடு திரும்பும் வழியில், லடாக்கின் மலைக் கணவாய்களில் நோயுற்று, முப்பத்தாறாவது வயதில் இறந்து, லே நகரில் அடக்கம் செய்யப்பட்டார். தமிழ்நாட்டு மண்ணின் ஆதி சரித்திரத்துக்காக இவ்வளவு உழைத்த ஒருவரின் பெயர் தமிழ்நாட்டில் ஒரு தெருவுக்கேனும் சூட்டப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் ஆராய்ந்த மூலப் பொருள்கள் கல்கத்தாவில் இருக்கின்றன. அவருக்கு முந்தியவை லண்டனில் இருக்கின்றன. அக்காலத்து அரசாட்சியின் முறை அது. அதனைக் குறித்து இப்போது வருந்துவதில் பயனில்லை. ஆனால் சுதந்திரம் பெற்ற பிற்பாடும், நம்முடைய சொந்த விஞ்ஞானிகள் கண்டெடுத்தவற்றை நம்மால் காப்பாற்ற முடியாமற்போயிற்று என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

அரியலூருக்கு அருகேயுள்ள கல்லமேடு என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பாறை, கடலடியில் படிந்ததன்று. கடல் பின்வாங்கிய பிறகு, ஆறுகள் பாய்ந்து பரப்பிய மணலும் சேறும் இறுகி உண்டானது. டைனோசர்களின் யுகம் முடிவுறும் தறுவாயில், அந்த ஆற்றோரங்களில் மேய்ந்த பிராணிகளின் எலும்புகள் அதில் கிடைக்கின்றன. 1920-களில் சார்லஸ் மாட்லி என்ற ஆங்கிலேய அறிஞர் இப்பக்கத்து டைனோசர் எலும்புகளை ஆராய்ந்து, 1929-இல் அவற்றைப் பற்றி எழுதினார். அரை நூற்றாண்டுக்குப் பின்னர், இந்தியப் பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் கல்லமேட்டில் மிகப் பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டு, அவற்றுக்குரிய பிராணிக்கு 1987-இல் பிருகத்காயோசாரஸ் மாட்லியி என்று பெயரிட்டார்கள். இடுப்பெலும்பின் பகுதி, தொடையெலும்பின் பகுதி, வாலின் ஒரு முள்ளெலும்பு முதலியவற்றோடு ஒரு கணைக்கால் எலும்பும் இருந்தது. அதன் நீளம் மட்டும் 2 மீட்டர். அர்ஜென்டினாவில் கிடைத்து, உலகத்தின் பெரிய டைனோசர்களில் ஒன்றென்று போற்றப்படுகிற அர்ஜென்டினோசாரஸின் கணைக்கால் எலும்பு ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டியது என்பதை நினைத்துப் பார்த்தால், கல்லமேட்டில் நடமாடிய ஜீவன் எத்தகையது என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். முதலில் ஊனுண்ணும் இனத்தைச் சேர்ந்ததென்று கருதப்பட்ட அது, நீண்ட கழுத்தும் தூண் போன்ற கால்களும் உடைய தாவர உண்ணி என்றே பிற்பாடு பெரும்பாலோர் கொண்டார்கள். அதன் எடை 100 டன்னையும் கடந்திருக்கும் என்றும், தரையில் வாழ்ந்த எந்தப் பிராணியையும் விட அது பெரியதாக இருந்திருக்கலாம் என்றும் 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இருந்திருக்கலாம் என்ற அளவோடுதான் எவரும் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்த எலும்புகள் இன்று இல்லை. உதிரும் தன்மையுள்ள மண்ணில் புதைந்திருந்த அவை, வெளியே எடுக்கப்பட்டதும் காற்றுக்கும் மழைக்கும் ஆற்றாமல் பொடிந்து, காப்பகத்தில் நிலையாகச் சேராமலே அழிந்து போயின. எஞ்சியவை கோட்டுச் சித்திரங்களும் சில புகைப்படங்களுமே. அவை எலும்புகளே அல்ல, கல்லாகிய மரத்துண்டுகள் என்று ஐயுற்ற அயல்நாட்டு அறிஞர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு ஒரு கைப்பிடித் துண்டும் மிச்சமில்லாத நிலையில், 2022-இல் அய்யாசாமி அவர்களும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து பழைய புகைப்படங்களை வெளியிட்டுத்தான் வழக்கைத் தாங்க வேண்டியிருந்தது. உலகத்திலேயே மிகப் பெரிய நிலவாழ் பிராணி தமிழ்நாட்டில் வாழ்ந்ததா இல்லையா என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஆதாரம் நம் கைக்கு வந்தது. வந்த பிறகு, பிளாஸ்டர் பூசி இறுக்கிக் கட்டவும், தூக்கி வைக்கவும், ஒரு கூரையின் கீழ் கிடத்தவும் வேண்டிய சாதனங்களும் இடமும் அருகில் இல்லாத காரணத்தினால், வந்தது போயிற்று. இதனை யாராவது ஒருவருடைய அஜாக்கிரதை என்று சொல்லி முடித்துவிடுவது நியாயமாகாது. இதே யாதகிரி அவர்கள் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் கோதாவரிப் பள்ளத்தாக்கின் எலும்புகளைக் கொண்டு 1988-இல் விவரித்த கோட்டாசாரஸ் என்னும் டைனோசரின் எலும்புக்கூடு, ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் முழு உருவாகப் பொருத்தப்பட்டு நிற்கிறது. கல்கத்தாவிலே, இந்தியப் புள்ளியியல் கழகத்தில், தாகூரின் பெயரைத் தாங்கிய பாராபாசாரஸ் நிற்கிறது. குஜராத்தில் பாலாசினோருக்கு அருகே ராயோலியில் டைனோசர் பூங்காவும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அறிஞரின் திறமை எங்கும் ஒன்றுதான். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்தாபனம் இருந்த இடங்களில் எலும்பு நின்றது, இல்லாத இடத்தில் பொடிந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலுள்ள டைனோசர் பொம்மைகளைப் பார்த்து அதிசயித்துத் திரும்புகிறார்கள். அவை அயல்நாட்டுப் பிராணிகளின் உருவங்கள். நம் நாட்டுப் பிராணியின் உண்மையான எலும்பை அவர்களுக்குக் காட்டும் பாக்கியத்தை நாம் இழந்துவிட்டோம்.

கல்லமேட்டின் பெருமை அந்த ஒரு பிராணியோடு முடிந்துவிடவில்லை. 2013-இல் இந்திய அறிஞர்களும் அயல்நாட்டு அறிஞர்களும் சேர்ந்து அங்கிருந்து வெளிப்படுத்திய சிறு பற்களில் ஒன்று ட்ரூடான் என்னும் டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்தது. அது வரையில் வட பூமிக்கே உரியதென்று எண்ணப்பட்டிருந்த அந்த வம்சம் தென் கண்டங்களிலும் இருந்ததற்கு அதுவே முதற்சான்று என்று அவர்கள் அறிவித்தார்கள். இன்னொரு பல், மடகாஸ்கரில் மட்டுமே தெரியவந்திருந்த ஒரு வகை முதலையினத்தின் பல்லை ஒத்திருந்தது. மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கல்லமேட்டுப் பாறையோ அதற்கு இரண்டு கோடி ஆண்டுகள் பிந்தியது. பிரிந்துபோன உறவின் அடையாளம் ஒரு பல்லளவில் அங்கே தங்கியிருந்தது. இவ்வளவு நுண்ணிய பொருள்கள் மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, நீரில் கரைத்து, சல்லடையில் சலித்து, எஞ்சியதைப் பூதக்கண்ணாடியின் கீழ் பொறுக்கினால் மட்டுமே கிடைக்கும். எந்திர வாளியின் வாய்க்கு முன் அவை எம்மாத்திரம்? கல்லமேட்டுப் பாறைக்குச் சற்று மேலேயுள்ள நின்னியூர்ப் பாறைக்குச் சென்றால், அங்கே மறுபடியும் கடல் வந்திருக்கிறது. ஆனால் அம்மோனைட் ஒன்றேனும் இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் வீழ்ந்தும், தக்காணத்தில் எரிமலைகள் கொந்தளித்தும், டைனோசர்களோடு அவையும் பூண்டற்றுப் போன பேரழிவின் இரு கரைகளும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

இத்தகைய பொருளுக்கு நம் நாட்டில் சட்டத்தின் பாதுகாப்பு என்ன? அதே அரியலூர் மாவட்டத்தில், 11ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழர் எழுப்பிய கங்கைகொண்டசோழபுரத்துக் கோயில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் காக்கிறது. அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தூரத்துக்குப் புதிய கட்டடம் எழுப்பலாகாது. 2004 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த ஒரு வெண்கலச் சிலையை நாட்டுக்கு வெளியே கடத்துகிறவனைச் சிறைக்கு அனுப்பும். இவையெல்லாம் மிகவும் நியாயமானவை. ஆனால் ஆயிரம் ஆண்டுப் பழமைக்கு இவ்வளவு அரண் அமைத்த நாம், ஏழு கோடி ஆண்டுப் பழமைக்கென்று தனிச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தையும், காரையின் அரிநிலத்தையும் தேசியப் பூகர்ப்பச் சின்னங்கள் என்று அறிவித்து, பலகையும் வேலியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்மரத்தை 1940-இல் அறிவித்தவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, பின்னாளில் பூகர்ப்ப ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராக விளங்கிய எம்.எஸ். கிருஷ்ணன் அவர்கள். அறிவிப்பு நல்லதே; எனினும் அந்த அறிவிப்பின் பின்னே தண்டனை விதிக்கும் சட்டம் இல்லை. மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் பூகர்ப்பப் பாரம்பரியத் தலங்களையும் எச்சங்களையும் காப்பதற்கு ஒரு மசோதாவின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது; அதிகாரம் முழுவதையும் ஒரே துறையின் கையில் குவிக்கிறதென்று ஆராய்ச்சியாளர்கள் ஆட்சேபித்தார்கள்; அந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டென்றே நானும் நினைக்கிறேன்; ஆனால் ஆட்சேபத்துக்குச் சமாதானம் கண்டு சட்டத்தை நிறைவேற்றுவதற்குப் பதிலாக, வரைவை வரைவாகவே விட்டுவைத்தல் தகாது. எங்கள் பகுதியில் வாரிய வீடு ஒதுக்கப்பெற்ற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும், வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த நாளில் முதலில் தூக்கிப் பரண்மேல் வைத்தது மூலப்பத்திரத்தை என்று சொல்வார்கள். தமிழ்நாட்டு நிலத்தின் மூலப்பத்திரம் அரியலூர்ப் பாறையில் இருக்கிறது.

சுரங்கங்களை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு அறை வீட்டில் மூன்று தலைமுறைகள் முடங்கி வாழ்கிற பகுதியிலிருந்து எழுதுகிறவன், ஏழைகளுக்கு இன்னும் வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், கால்வாய்க்குச் சுவர் வேண்டும் என்பதை மறக்க இயலாது; இவை யாவற்றுக்கும் சிமெண்ட் வேண்டும். 1939-இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை தொடங்கியது முதல், 1979-இல் அரசாங்கமே அரியலூரில் ஆலை நிறுவியது வரையிலும், அதற்குப் பின்னும், அந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இத்தொழிலால் பிழைக்கின்றன. மேலும், நேர்மையாகச் சொல்வதானால், சுரங்கம் வெட்டியிராவிட்டால் பல படிவங்களின் முகத்தை அறிஞர்கள் கண்டிருக்கவே முடியாது. சமவெளியில் பாறை தானாகத் தலைகாட்டுவதில்லை. கல்லங்குறிச்சியின் சிப்பிப் படுகை முழு உயரத்துக்கும் வெளிப்பட்டது வெட்டியதனால்தான். வெளிப்படுத்துகிற கையே அடுத்த மாதத்தில் அழித்தும் விடுகிறது என்பதுதான் துயரம். வெளிப்பட்டதற்கும் அழிவதற்கும் இடையே கொஞ்சம் அவகாசம், அந்த அவகாசத்தில் உள்ளே சென்று பார்க்க ஒரு பூகர்ப்ப மாணவனுக்கு உரிமை, எடுத்த பொருளை வைக்க ஓர் இடம்: கேட்பது இவ்வளவே. வெட்டி முடித்த ஒவ்வொரு பெருஞ்சுரங்கத்திலும் ஒரு சுவரையேனும், அடி முதல் முடி வரை படிவங்கள் தெரியும்படி, நீரில் மூழ்காமலும் மண்ணால் மூடாமலும் நிரந்தரமாக விட்டுவைக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தொழிலும் தொல்லுயிர் ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு ஜெர்மனி சாட்சி சொல்லும். அங்கே சோல்ன்ஹோஃபன் என்ற ஊரில் அச்சுத் தொழிலுக்காகச் சுண்ணாம்புப் பலகைகளை வெட்டியெடுத்த சுரங்கங்களிலிருந்துதான், பறவைகளின் ஆதி உறவான ஆர்க்கியோப்டெரிக்ஸ் 1861-இல் வெளிவந்தது. பலகைகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிளந்த தொழிலாளரின் கண்ணே அங்கு முதல் ஆராய்ச்சிக் கருவியாக இருந்தது. அதே நாட்டில் மெஸ்ஸல் என்ற இடத்தின் கதை, கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் காற்றைச் சுவாசித்து வாழ்கிற எங்களுக்கு விசேஷமாக உறைக்கக் கூடியது. டைனோசர்களுக்குப் பிந்திய காலத்தைச் சேர்ந்த, சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஏரியின் படிவம் அது. எண்ணெய்க் களிக்கல்லுக்காக வெட்டிய அந்தப் பள்ளத்தில், 1971-இல் வேலை நின்றதும், நகரத்துக் குப்பையைக் கொட்டி நிரப்பிவிட அரசாங்கம் முடிவு செய்தது. அதற்குள் அப்பள்ளத்திலிருந்து ரோமமும் இறகும் வயிற்றிலிருந்த உணவும் கூடத் தெரியும்படி பதிந்த குதிரைகளும் வௌவால்களும் வெளிப்பட்டுக்கொண்டிருந்தன. அக்கம்பக்கத்து மக்கள் இருபது ஆண்டுக் காலம் விடாமல் எதிர்த்தார்கள். இறுதியில் ஹெஸ்ஸெ மாநிலம் 1991-இல் அப்பள்ளத்தை விலைக்கு வாங்கிற்று. 1995-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. குப்பைக் கிடங்காக வேண்டிய பள்ளத்தைச் சாமானிய ஜனங்கள் தடுத்து நிறுத்தினார்கள். கைவிடப்பட்ட சுரங்கப் பள்ளங்கள் அரியலூரிலும் அநேகம்.

நம் வாசலுக்கு இன்னும் சமீபத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிய பகுதியில், கிரெட்டேஷியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்த களிப்பாறைகள் இருக்கின்றன. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அவர்களே இவற்றையும் ஆராய்ந்து, 1873-இல் எழுதினார். சைக்கட் இனத்தை ஒத்த தாவரங்களின் இலைப்பதிவுகளும், அவற்றோடு கடற்பிராணிகளின் எச்சங்களும் கிடைப்பதால், டைனோசர் யுகத்துக் காடும் கடலும் சந்தித்த ஓரம் சென்னையின் பக்கத்திலேயே இருந்தது என்று தெரிகிறது. இன்று அங்கே தொழிற்பேட்டைகள் எழுந்துள்ளன. எங்கள் பகுதி இளைஞர்களும் கம்பெனிப் பேருந்தில் அங்கே வேலைக்குப் போகிறார்கள். மணலிக்கும் இந்தக் காலத்தோடு சம்பந்தம் உண்டு. அங்கே 1969 முதல் சுத்திகரிப்பு ஆலை நடத்துகிற நிறுவனமே, 1993-இல் நாகப்பட்டினத்துக்கு அருகே, காவிரிப் படுகையின் எண்ணெய்க்காக இன்னோர் ஆலை நிறுவியது; அந்த எண்ணெயில் பெரும்பங்கு, அரியலூரில் தரைக்கு வந்த அதே கிரெட்டேஷியஸ் படிவங்கள் டெல்டாவின் அடியில் ஆழ்ந்து கிடக்கும் இடங்களிலிருந்து பிறந்தது.

அறியாமையும் ஒரு வகை அழிவே. 2020-இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, டைனோசர் முட்டைகள் அகப்பட்டன என்று செய்தி பரவி, ஜனங்கள் திரண்டார்கள். பூகர்ப்ப அறிஞர்கள் வந்து, அவை அம்மோனைட் முதலிய எச்சங்களைச் சூழ்ந்து தாது இறுகி உண்டான உருண்டைகள் என்று விளக்கிய பின்பு, கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. ஏமாறுவதற்கு அதில் என்ன இருக்கிறது? முட்டை இல்லாவிட்டால் என்ன, உருண்டைக்குள் ஒரு சமுத்திரப் பிராணி இருந்ததே! அந்த மகிழ்ச்சியை உணர்வதற்கு ஒரு தலைமுறையைப் பழக்க வேண்டும். அரியலூருக்கு அருகே வாரணவாசியில் அரசாங்கம் தொல்லுயிர் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்திருப்பது பாராட்டத்தக்க தொடக்கம். ஆனால் காட்சிக்கு வைக்கும் கூடம் வேறு; உதிரும் எலும்பைப் பதப்படுத்தும் சாலையும், ஆயிரக்கணக்கான மாதிரிகளை எண்ணிட்டு அடுக்கி, எந்த நாட்டு ஆராய்ச்சியாளர் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டும் நிரந்தரக் காப்பகமும் வேறு. நமக்கு இல்லாதது பின்னது. அதற்குப் பணம் எங்கே என்று கேட்பாருண்டு. சுரங்கச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சுரங்கக் குத்தகைதாரர்கள் ராயல்டியோடு ஒரு பங்கை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்தி வருகிறார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் கல்விக்கும் உரிய அந்த நிதியில், மருத்துவத்துக்கும் குடிநீருக்கும் குறைவு வராதபடி, கல்வியின் பங்கிலிருந்து அரியலூரிலேயே ஒரு காப்பகம் எழுப்பினால், அந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் சிலரேனும் சல்லடையும் பூதக்கண்ணாடியுமாக வேலை பார்க்கிற விஞ்ஞானிகளாவார்கள்.

இதைச் செய்வதற்கு உரிய தருணமும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆலைகள் தங்கள் சொந்த உபயோகத்துக்காகப் பெற்றிருந்த பழைய சுரங்கக் குத்தகைகள், அதே 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தினால், 2030 மார்ச் 31 வரையிலோ, குத்தகையின் ஐம்பதாண்டு நிறையும் வரையிலோ, புதுப்பித்த காலம் முடியும் வரையிலோ, எது பிந்தியதோ அது வரையில் நீடிக்கும். அதன் பிறகு அவை ஏலத்துக்கு வர வேண்டும். ஏலத்தை நடத்துவது மாநில அரசாங்கம். குத்தகைப் பத்திரத்தில் நிபந்தனைகளைச் சேர்க்கும் வாய்ப்பும் அதனிடமே இருக்கிறது. வெட்டுவதற்கு முன் தொல்லுயிர் ஆய்வு, எச்சம் தென்பட்டால் அந்த இடத்தில் குறித்த காலத்துக்கு வேலை நிறுத்தம், பல்கலைக்கழக மாணவர்களுக்கு நுழைவுரிமை, முடிவில் ஒரு சுவரை விட்டுவைத்தல் ஆகிய நான்கையும், அந்த ஏல அறிவிப்புகள் அச்சாவதற்கு முன்பே, கனிம வளத் துறையும் அருங்காட்சியகத் துறையும் கூடி உட்கார்ந்து எழுதி முடிக்க வேண்டும்; அரியலூர், பெரம்பலூர்ச் சட்டமன்ற உறுப்பினர்கள் மட்டுமல்லாமல், அந்தக் கல்லால் வீடு கட்டிக்கொண்ட பெரம்பூர், ராயபுரம், திருவொற்றியூர்த் தொகுதிகளின் உறுப்பினர்களும் இந்தக் கேள்வியை அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுப்ப வேண்டும் என்று, இத்தொகுதிகளின் வாக்காளர்களில் ஒருவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.